போக்குவரவுப் பதிவேடு



நாஞ்சில் நாட்டின் பழைய நில ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தோர் 'போக்குவரவு' என்னும் சொல்லைக் கண்டிருப்பர். இற்றைத் தமிழர் காதில் அச்சொல் விழுந்தால் பேருந்தும் தொடர்வண்டியுமே நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் ஆட்சியின் வருவாய்த் துறையிலோ அதற்கு வேறு பொருள். ஒருவர் பெயரிலிருந்த நிலம் விற்பனையாலோ கொடையாலோ இறப்பின்வழி வந்த உரிமையாலோ மற்றொருவர்க்குச் சென்றால், முன்னவரின் தண்டப்பேரில் அது போக்கு. பின்னவரின் தண்டப்பேரில் அது வரவு. இரண்டையும் சேர்த்துப் பதிவதே போக்குவரவு. தண்டப்பேர் என்பது வரித் தண்டலின் பொருட்டு நிலவுடைமையாளர் ஒவ்வொருவர்க்கும் ஏற்பட்ட கணக்கு. கேரளத்து வருவாய்த் துறையினர் இவ்விரு சொற்களையும் இன்றுங் கைவிட்டாரல்லர். தமிழ்நாட்டில் அவ்விடத்தே பட்டா மாற்றம் என்பது வந்து அமர்ந்துகொண்டது.

கணிப்பொறித் துறையில் 'மைக்ரேசன்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு வேலை உண்டு. அதனைப் பலர் 'இடப்பெயர்வு' என்று தமிழில் எழுதி வருகின்றனர். ஆங்கிலச் சொல்லின் மேல்தோலைப் பார்த்து ஆக்கிய பெயர் அது. தரவுத்தளத்தின் வடிவை மாற்றும் அவ்வேலையில் எந்தத் தரவும் ஊர்விட்டு ஊர் போவதில்லை. இடப்பெயர்வு என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது, ஊரும் உறவும் இழந்து கூடாரங்களில் வாடிய ஈழத் தமிழரின் நினைவு. அத்தகைய சொல்லைக் கணிப்பொறிப் பட்டியல்களுக்கு இட்டு வழங்குவதினும், நாஞ்சில் நாட்டு மக்கள் வழிவழியாக எழுதிவந்த போக்குவரவையே எடுத்தாளலாம். பழைய வடிவம் போகின்றது. புதிய வடிவம் வருகின்றது. பொருத்தம் சொல்லளவில் நின்றுவிடவும் இல்லை. அவ்வேலையைப் பழுதின்றிச் செய்யும் முறையையும், அதற்குரிய பதிவேட்டைப் பேணும் முறையையும் நில ஆவணமே கற்பிக்கின்றது.

1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து, சென்னை மாநிலத்தோடு இணைந்து, கன்னியாகுமரி மாவட்டமாயின. அதன்பொருட்டு 1954 ஆகசுட்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு இரையானோரின் ஈகம் இங்கு விரிப்பின் பெருகும். இணைப்பு நாளன்று ஒரு வயலும் அசையவில்லை. பழையாற்று நீர் பாய்ந்த வழியிலேயே பாய்ந்தது. மாறியவை ஆட்சியும் ஏடுகளுமே. அதற்கு முந்திய ஆவணங்கள் கொல்லம் ஆண்டிலும் திருவிதாங்கூர் வருவாய்த் துறையின் கலைச்சொற்களிலும் அமைந்தவை. பிந்தியவை தமிழ்நாட்டு முறையில் அமைந்தவை. பாட்டன் வயலுக்குப் பேரன் உரிமை நாட்டல் வேண்டுமாயின், இருவகை ஆவணங்களையும் ஒரே தொடராகக் கோத்துக் காட்டல் வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறமன்றத்தில் அவன் சொல் எடுபடாது.

இனி, அத்தகைய பழைய ஆவணங்களைத் தொகுத்து, எவரும் தேடிப் படிக்குமாறு வைக்கும் ஒரு வலைத்தளத்தை அவையோர் மனத்திற் கற்பனை செய்துகொள்க. அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகள் போன்ற செல்வங்களைக் கவிமணி தேசிகவிநாயகனார் போன்றோர் தேடித்தேடிப் பார்த்த மண் இது. ஆதலின் இக் கற்பனை ஏலாததன்று. அவ்வலைத்தளத்தின் அடியில் ஒரு தரவுத்தளம் உண்டு. தரவுத்தளத்தில் ஒரு பட்டியல். ஆவணம் ஒன்றுக்குக் கிடைவரிசை ஒன்று. ஊர், ஆண்டு, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், ஆவண வாசகம் என்பன நெடுவரிசைகள். தொடங்கிய நாளில் இவ்வளவே போதும். பின்னர் ஒருவர் வந்து நில அளவை எண்ணுக்குத் தனி நெடுவரிசை வேண்டுமென்பர். மற்றொருவர் 'விற்றவர்' என்னும் பெயர் கொடைக்கும் ஒற்றிக்கும் பொருந்தாது, 'கொடுத்தவர்' என்று மாற்றுக என்பர். இங்ஙனம் பட்டியலின் வடிவம் ஆண்டுக்குப் பலமுறை மாறும்.

வடிவத்தை மாற்றுதல் அரிய வேலையன்று. ஓர் ஆணை போதும். இடர் வேறிடத்தில் உள்ளது. தரவுத்தளம் ஒன்றாயிராது. நிரல் எழுதுவோன் கணிப்பொறியில் ஒரு படி. ஆய்ந்து பார்ப்பதற்கு ஒரு படி. பொதுமக்கள் காணும் வழங்கியில் ஒரு படி. மூன்றும் ஒரே மாற்றங்களை, ஒரே வரிசையில் ஏற்றல் வேண்டும். ஒருவன் தன் படியில் மாற்றியதை மறந்து, நிரலை மட்டும் வழங்கியில் ஏற்றுவானாயின், நிரல் 'கொடுத்தவர்' என்று கேட்கும், பட்டியல் 'விற்றவர்' என்று வைத்திருக்கும், வலைத்தளம் வாய்மூடும்.

இவ்விடரை நீக்கவே வலைச் செயலிச் சட்டகங்கள் ஒரு முறையை வகுத்தன. சட்டகம் என்பது வலைத்தளம் கட்டுவோர்க்குத் தூணும் உத்தரமும் முன்னரே செய்து வைத்திருக்கும் கட்டுக்கோப்பு. பைத்தானில் எழுதப்பெற்ற சாங்கோ, உரூபியில் எழுதப்பெற்ற இரெயில்சு, பிஎச்பியில் எழுதப்பெற்ற இலாரவெல் ஆகியன பலரும் அறிந்தவை. இவற்றில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிறு கோப்பாக எழுதப்படும். கோப்புக்கு வரிசை எண்ணோ, ஆண்டு திங்கள் நாள் நாழிகை கோத்த எண்ணோ உண்டு. ஆணையிட்டவுடன் சட்டகம் கோப்புகளை வரிசையாக எடுத்து நிறைவேற்றும். நிறைவேற்றியதைத் தரவுத்தளத்துள்ளேயே ஒரு தனிப் பட்டியலிற் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அப்பட்டியலைப் பார்த்து, நிறைவேறாதவற்றை மட்டும் நிறைவேற்றும். அத்தனிப் பட்டியலே போக்குவரவுப் பதிவேட்டின் நெஞ்சு.

சாங்கோவில் இம்முறை தொடக்கத்தில் இல்லை. 'சவுத்' என்னும் துணைக்கருவியை ஆண்ட்ரூ காட்வின் என்பார் ஆக்கி அளித்தார். பின்னர் 2014இல் வந்த 1.7ஆம் பதிப்பில் இவ்வசதி சாங்கோவுக்குள்ளேயே அமைந்தது. அதன் பதிவேட்டில் எந்தச் செயலி, எந்தக் கோப்பு, எந்நாள் எந்நேரம் நிறைவேறியது என்பன நிற்கும். இலாரவெல் கோப்பின் பெயரோடு 'எத்தனையாவது தொகுதி' என்பதையும் எழுதி வைக்கும். மீட்கச் சொன்னால் கடைசித் தொகுதி முழுவதையும் மீட்கும். இரெயில்சோ எண்ணை மட்டுமே வைத்துக்கொள்ளும். அவ்வெண் கோப்பு எழுதப்பட்ட நேரத்தைக் காட்டுமேயன்றி, வழங்கியில் அது நிறைவேறிய நேரத்தைக் காட்டாது. ஆவணம் எழுதிய நாள் வேறு, பதிந்த நாள் வேறு என்பதை ஊர் ஆவண எழுத்தர் எவரும் அறிவர். இரெயில்சார் அதனைக் கருதாது விட்டது குறையே. அவ்வழி வேலை செய்வோர், நிறைவேறிய நேரத்தைத் தனியே குறித்து வைத்தல் நலம்.

ஆவண எழுத்தரைக் குறித்தமையான், அவரிடமே கற்க வேண்டிய தலைமையான நெறியையும் இங்கே கூறுதல் தகும். பதிவு அலுவலகத்தில் ஆவணம் ஒன்று பதிவாகிவிட்டது. நான்கெல்லையில் வடக்கு தெற்காகிவிட்டது என்று பின்னர்த் தெரிகின்றது. எவரேனும் பதிவேட்டைத் திறந்து, சுரண்டி, வடக்கு என்று எழுதுகின்றனரோ? இல்லை. பிழைத்திருத்தல் ஆவணம் என்று புதியதொன்று எழுதி, புதிய எண்ணில் பதிகின்றனர். பழையது பிழையோடு நிற்கும். புதியது அதனைச் சுட்டி நிற்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆண்டு தொடக்கத்தில் எண்ணைத் தொடங்கி ஆண்டிறுதி வரை இடையறாது எண்ணிட்டுச் செல்லுமாறு கட்டளையிடுகின்றது. இடையில் ஓர் எண் காணாமற் போனால், அங்கே ஏதோ மறைக்கப்பட்டது என்பது சிறுவனுக்கும் விளங்கும்.

போக்குவரவுக் கோப்பும் அத்தகையதே. ஒரு வழங்கியிலேனும் நிறைவேறிய கோப்பைப் பின்னர்த் திறந்து திருத்துதல் ஆகாது. திருத்தினால் வருவது என்ன? ஏழாம் கோப்பு வழங்கியில் முன்னரே நிறைவேறியதாகப் பதிவேடு சொல்லும். ஆகவே சட்டகம் அதனை மீண்டும் தொடாது. புதிதாக அமைக்கும் படியிலோ திருத்திய ஏழாம் கோப்பே நிறைவேறும். இரண்டு பதிவேடுகளும் 'ஏழு முடிந்தது' என்றே கூறும். இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு வடிவில் இருக்கும். பதிவேடே பொய் சொல்லத் தொடங்கிய பின் எதனை நம்புவது? 'ஃபிளைவே' என்னும் கருவி இதனை அறிந்து, ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் வைத்துக்கொள்கின்றது. கோப்பிற் கைவைத்தால் எண் மாறும்; கருவி அடுத்த அடி வைக்க மறுக்கும். சாங்கோவில் அக் காவல் இல்லை. ஆதலின் அங்கே காவல், எழுதுவோன் நேர்மையே.

இதுவரை கூறியது வடிவ மாற்றம். தரவையே மாற்றும் போக்குவரவும் உண்டு. அங்கேதான் தமிழர் கண்ணும் கருத்துமாக இருத்தல் வேண்டும்.

முன்சொன்ன ஆவணத் தொகுப்புக்கே மீள்வோம். அதன் ஆண்டு நெடுவரிசையில் கொல்லம் ஆண்டு உள்ளது. பிற மாவட்டத்தாரும் பிற நாட்டாரும் தேடுதற்குப் பொது ஆண்டு வேண்டும் என்று ஓர் இளைஞர் முனைகின்றார். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது என்பது அவர்க்குத் தெரியும். ஒரே வரியில் ஒரு கோப்பு எழுதுகின்றார்: ஆண்டோடு 825 கூட்டுக. இடம் மிச்சமாகட்டும் என்று பழைய நெடுவரிசையை அடுத்த வரியில் நீக்கியும் விடுகின்றார். நொடிப்பொழுதில் எல்லாம் முடிந்து, 'நிறைவேறியது' என்று பதிவேடும் எழுதிக்கொண்டது.

கொல்லம் ஆண்டு தென்பகுதியில் ஆவணி முதல் நாள் பிறப்பது. ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள நாள்களுக்கு 824 கூட்டல் வேண்டும். அதன்பின் ஆடி இறுதி வரைக்கே 825. இக் கணக்கை நாஞ்சில் நாட்டு முதியோர் விரல்விட்டுச் சொல்வர். இளைஞர் அவர்களைக் கேட்டாரல்லர். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த திங்கள் கொல்லம் 1132 ஐப்பசி. அவர் கோப்பின்படி அது 1957 ஆகிவிடும்! இணைப்பு நாளையே ஓராண்டு தள்ளிவிட்ட கோப்பு, ஐப்பசியில் எழுதிய பிற ஆவணங்களை மட்டும் விட்டு வைக்குமா? ஆண்டுதோறும் நாலரைத் திங்களில் எழுந்த ஆவணங்கள் அனைத்தும் ஓராண்டு பிந்திவிட்டன. இரண்டு விற்பனைகளுள் முந்தியது எது என்பதில்தான் நில வழக்கே தங்கியிருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால் இப் பிழையின் அளவு தெரியும்.

பழைய நெடுவரிசை நீக்கப்பட்டமையால் எல்லாம் அழிந்ததோ எனின், அன்று. 825 கழித்தால் கொல்லம் ஆண்டு மீண்டும் வரும். ஆயின் கழிக்க வேண்டும் என்பதை எவர் அறிவார்? கோப்பும் பதிவேடும் இருந்தால் அறியலாம். பதிவேட்டில் 'ஏழாம் கோப்பு நிறைவேறியது' என்றிருக்கும். கோப்பைத் திறந்தால் 825 கூட்டியது தெரியும். திங்கள் நெடுவரிசை இருக்குமாயின் எட்டாம் கோப்பு ஒன்று எழுதி, ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ளவற்றில் ஒன்று குறைத்துச் செம்மை செய்துவிடலாம். பிழைத்திருத்தல் ஆவணம் என்பது இதுவே. கோப்புகள் மிகுந்துவிட்டன என்று ஒருவன் அவற்றை அழித்திருந்தாலோ, பட்டியலில் வெறும் 1957 என்று நிற்கும். அது நேரே எழுதியதா கணக்கிட்டதா என்று சொல்ல எவருமிலர். திங்கள் குறிக்கப்படாத ஆவணமாயின் ஓர் ஆண்டாக்கி எழுதுவதே தவறு. 1956-57 என்று இரண்டையும் காட்டி, பழைய எண்ணையும் அருகே நிறுத்தி வைப்பதே அறிவுடைமை. மூலத்தை நீக்குவது என்றால் அதற்குத் தனிக் கோப்பு, தனி நாள், நெடிய காத்திருப்பு வேண்டும்.

எழுத்தைத் தொட்ட போக்குவரவு இதனினும் கொடியது. தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் கிடைத்தும், தமிழர் நெடுங்காலம் பல்வேறு குறிமுறைகளில் எழுதி வந்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்னும் குறிமுறைகள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழர் நடுவில் தசுகி என்னும் குறிமுறை வழங்கியது. 2010 சூன் 23ஆம் நாள் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் 16 நுண்மித் தமிழ் அனைத்தெழுத்து முறையையும் தரமாக அறிவித்தது. அதன்பின் பழைய தரவையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றும் வேலை எங்கும் நடந்தது, இன்றும் முடிந்தபாடில்லை.

பழைய முறைகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் நிற்கும். 'கெ' என்பதில் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் வரும். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். மாற்றும் நிரல் இதனை அறிந்து வரிசையைத் திருப்பல் வேண்டும். இதிலும் நுண்ணியது ஔகாரக் குறி. அதன் பின்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே 'கௌவை' என்று எழுத வேண்டியவர் ககரத்தில் கொம்பிட்டு, அருகே ளகரத்தைத் தட்டி, 'கெளவை' என்று வைத்துவிட்டனர். தாளில் இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. வௌவாலைத் தேடினால் வெளவால் அகப்படாது.

இதனைச் செம்மை செய்யப் புகும் ஒருவன் 'கொம்பும் ளகரமும் அடுத்து வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாக்குக' என்று கோப்பு எழுதுவானாயின், தமிழறிந்தார் உடனே நகைப்பர். வெளி, தெளிவு, வெள்ளம், வெளுப்பு, கெளிறு ஆகிய அனைத்தும் சிதைந்து போம். 'வெள்ளமடம்' என்னும் ஊர்ப்பெயரே பட்டியலில் உருவழியும். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வரின் அது ளகரமே. அதனை ஒழித்துத் தனித்த ளகரம் நின்றால் மட்டுமே ஐயம் பிறக்கும். அவ்விடங்களையும் சொற்பட்டியலோடு ஒத்துப் பார்த்த பின்னரே மாற்றல் வேண்டும். இது நிரல் அறிவன்று; எழுத்திலக்கண அறிவு. தமிழாசிரியர்க்கு இங்கே வேலை உண்டு; கணிப்பொறியாளர் அவரைக் கேட்பதில்லை; அவரும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

இத்தகைய கோப்பை எழுதும்போதே, மீட்கும் வழியையும் அதனுள் எழுதிவைக்கச் சட்டகங்கள் இடந்தருகின்றன. சாங்கோவில் மீட்கும் வழி எழுதாது விட்ட தரவு மாற்றத்தைத் திருப்பச் சொன்னால், இது மீளாதது என்று கூறி நின்றுவிடும். மீட்பு இயலாததெனின் இயலாது என்றே எழுதுதல் வேண்டும். இரெயில்சில் அதற்கென்றே ஓர் அறிவிப்பு உண்டு. ஒன்றும் செய்யாத வெற்று மீட்பை எழுதி, மீண்டது போற் காட்டுதல் பதிவேட்டைப் பொய்க்கச் செய்வது. எழுத்து மாற்றத்துக்கு உண்மையான மீட்பு, எந்தெந்தக் கிடைவரிசையில் என்ன இருந்தது, என்னவாயிற்று என்று தனிப்பட்டியலில் எழுதி வைப்பதே.

மையெசுக்யூஎல் என்னும் தரவுத்தளத்தைக் கையாளுவோர் மற்றொன்றும் கருதல் வேண்டும். அதன் 8.0 பதிப்பு 2018இல் வரும்வரை, எழுத்துமுறை குறிக்காமல் ஆக்கிய பட்டியல் இலத்தீன் எழுத்துக்குரியதாகவே அமைந்தது. அதில் தமிழை எழுதியோர் இருவகை விளைவு கண்டனர். ஒருசார் தளங்களில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே பதிந்தன. அவை போனவை போனவையே; எந்த மந்திரத்தாலும் மீளா. வேறு சில தளங்களில், தமிழ் எழுத்து ஒன்றுக்குரிய மூன்று எண்மிகளும் இலத்தீன் என்னும் போர்வைக்குள் பழுதின்றிக் கிடந்தன. பக்கத்திலும் தமிழாகவே தோன்றின. எல்லாம் செவ்வனே இருப்பதாக எண்ணிப் பின்னாளில் ஒருவர், பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றுக என்று நேரே ஆணையிட்டார். தரவுத்தளம் ஒவ்வோர் எண்மியையும் ஓர் இலத்தீன் எழுத்தெனக் கொண்டு மீண்டும் மாற்றியது, தமிழ் குப்பையாயிற்று. முதற்கண் அந்நெடுவரிசையை வெற்று எண்மிகளாக அறிவித்து, அதன்பின் ஒருங்குறியென்று அறிவித்தலே முறை. எண்மி அசையாது, பெயர் மட்டும் மாறும். 1956இல் வயல் அசையாதது போல என்று சொல்லலாம்.

அதே தரவுத்தளத்தில் வடிவ மாற்றம் ஒவ்வொன்றும் உடனுக்குடன் உறுதியாகிவிடும். ஐந்து மாற்றங்களுள் மூன்று முடிந்து நான்காவதில் தடைப்பட்டால், முதல் மூன்றும் நிற்கும். பதிவேட்டில் ஒன்றும் ஏறியிராது. போசுட்கிரேயில் ஐந்தும் முடிந்தால் முடியும். இல்லையெனின் ஒன்றும் நடவாதது போல் மீளும். முன்னதைக் கையாளுவோர் ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று சிக்கனமாக எழுதுதல் வேண்டும். நிறைவேற்றும்பொழுது திரையில் ஓடும் வரிகளை ஒரு கோப்பில் நாள் நேரத்தோடு சேமித்தலும் வேண்டும். தடைப்பட்ட இடம் எதுவென்று பதிவேடு சொல்லாது, அவ்வரிகளே சொல்லும். அவற்றில் மறைச்சொல்லோ தனியார் விளத்தங்களோ வீழாமற் காத்தல் தனிப் பொறுப்பு.

இருவர் ஒரே நாளில் இரண்டு எட்டாம் கோப்புகள் எழுதிவிடுவதும் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நிலத்தை எழுதிக் கொடுத்த கதை அது. இரெயில்சு தொடக்கத்தில் ஒன்று இரண்டு என்றே எண்ணிட்டு, இம் மோதலைக் கண்டு, 2008இல் 2.1ஆம் பதிப்பில் நேரங்காட்டும் எண்ணுக்கு மாறியது. சாங்கோ இரு கிளைகளையும் கண்டு நின்று, இணைப்புக் கோப்பொன்று எழுதச் சொல்லும். எண்ணை மாற்றி ஒன்றை மறைப்பதினும் இணைப்பை எழுதி வைப்பதே சிறந்தது.

கோப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் பலவற்றைத் திரட்டி ஒன்றாக்கச் சாங்கோ வழிசெய்துள்ளது. எல்லா வழங்கிகளும் பழையவற்றை நிறைவேற்றிய பின்னரே பழையன நீக்கத்தக்கன. அப்பொழுதும் கிட் போன்ற பதிப்பு வைப்பகத்தில் அவை இருத்தல் வேண்டும். 'செய்யாமலே செய்ததாகக் குறி' என்னும் ஆணையும் அதில் உண்டு. முன்னரே கையால் மாற்றிய பட்டியலுக்கு அது பயன்படும். பயன்படுத்தியவர் யார், ஏன் என்று எழுதாவிடின், அது பொய்யாவணமாகவே முடியும்.

இனி ஒரு சிறு செய்தி. கோப்புக்குப் பெயரிடாது விட்டால் சாங்கோ சிலவிடங்களில் நாளும் நேரமும் கோத்த ஒரு பெயரைத் தானே இட்டுக்கொள்ளும். பத்தாண்டு கழித்து அதனைப் பார்ப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் நிரற்கோப்பு இயல்பாகவே ஒருங்குறியில் அமைவதால், கோப்பின் தலையில் தமிழில் குறிப்பெழுத எத்தடையும் இல்லை. தமிழ்த் தளங்கள் நடத்தும் தமிழரும் அக்குறிப்பை அரைகுறை ஆங்கிலத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்னும் பொருள்பட ஒரு சொல் எழுதி விட்டுவிடுகின்றனர். எது சரியில்லாதிருந்தது, எவ்வாறு சரியாயிற்று? ஊர்ப்புறத்து ஆவண எழுத்தர் நான்கெல்லையும், மரமும், கிணறும், வழிநடை உரிமையும் விடாமல் எழுதினார். அத்தகைய கைக்கு,

'எட்டாம் போக்குவரவு. ஏழாம் கோப்பில் கொல்லம் ஆண்டோடு எங்கும் 825 கூட்டப்பட்டது பிழை. ஆவணி முதல் மார்கழி நடு வரை நாளிட்ட ஆவணங்களில் பொது ஆண்டு ஒன்று குறைக்கப்படுகின்றது. திங்கள் குறியாதவை ஈராண்டாகக் காட்டப்படும். மாற்றிய கிடைவரிசைகளின் பழைய ஆண்டு தனிப்பட்டியலில் உள்ளது. மீட்பு: அப்பட்டியலிலிருந்து திரும்ப எழுதுக.'

என்று எழுதுதல் கால் நாழிகை வேலை.